கடலோர மணல்ல வீட்டுலயே எலுமிச்சை, நார்த்தை வளர்க்க முழுமையான வழிகாட்டி

ஈசிஆர் பக்கம் நீலாங்கரை, பனையூர், கோவளம்னு வீடு கட்டினவங்க, அப்படியே தெக்க போனா கடலூர், நாகை, வேதாரண்யம், தூத்துக்குடின்னு கடல் ஓரமா இருக்கிறவங்க, எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "எங்களுது வெறும் மணலுங்க, இதுல எலுமிச்சை வருமா?" நல்லாவே வரும். எலுமிச்சை ஜாதி மரத்துக்கு வேர்ல தண்ணி நின்னாதான் ஆகாது, களிமண் ஊர்க்காரங்க அதோடதான் மல்லுக்கட்டுறாங்க, மணல்ல அந்தத் தொல்லை பாதி கிடையாது. நம்ம பக்கம் கன்னு வச்சு ரெண்டாவது கோடையில கருகிப் போகுதுன்னா முக்காவாசி நேரம் போருல வர்ற உப்புத் தண்ணிதான் காரணம், மண்ணு மேல பழியைப் போட்டுட்டு லோடு லோடா செம்மண் அடிக்கிறாங்க. அதனால நர்சரிக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க.

முதல்ல தண்ணி

தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்குங்க, ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். போர் தண்ணியை ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதும் ஒரு தடவை, மே மாசக் கடைசியில ஒரு தடவை பாக்கணும், ரெண்டும் வேற வேற வீட்டுத் தண்ணியோன்னு சந்தேகம் வர்ற அளவுக்குக்கூட வித்தியாசம் இருக்கும். நீங்க முடிவு எடுக்க வேண்டியது மே மாச எண்ணை வச்சுத்தான்.

ஐநா உணவு வேளாண் அமைப்போட அட்டவணை ஒண்ணு பல வருஷமா புழக்கத்துல இருக்கு, ஆரஞ்சு மரத்துக்கு எவ்வளவு உப்புத் தண்ணி வரைக்கும் தாங்கும்னு. அதை நம்ம சாதா மீட்டர் காட்டுற எண்ணுக்கு மாத்தினா தோராயமா இப்படி வரும் (எல்லாம் பிபிஎம் கணக்கு): 550 வரைக்கும் காய்ப்புல குறை இருக்காது, 800ல பத்துல ஒரு பங்கு போயிடும், 1100ல கால்வாசி, 1600ல பாதி. எலுமிச்சையும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். 1600 தாண்டினா அந்தத் தண்ணியை மட்டும் நம்பி வைக்காதீங்க. மரம் உடனே சாகாது, ஆனா எப்பவும் ஓரம் கருகின இலையோட நிக்கும், வருஷத்துக்கு பத்து காய் குடுக்கும், பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும்.

கடலோர மணல்ல மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துட்டு இருக்கு. மேல இருக்கிற நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினா அடியில உப்பு கிட்டத்தட்ட 40 அடி மேல ஏறி வரும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு. அதனால ஆழமா போர் போட்டு பெரிய மோட்டார் வச்சு உறிஞ்சினா சீக்கிரம் உப்பு வந்துடும், பழைய உறை கிணறு மூடாம இருந்தா அதுல தண்ணி பெரும்பாலும் போரை விட நல்லா இருக்கும், மீட்டரை அதுலயும் விட்டுப் பாருங்க.

போர் தண்ணி சுமார்தான்னு தெரிஞ்சா மழைத்தண்ணியைக் கலந்து ஊத்தலாம். 1000 சதுர அடி மொட்டை மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 900 லிட்டருக்கு மேல இறங்கும், சென்னைக்கு வருஷத்துக்கு சுமார் 140 சென்டிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள. தமிழ்நாட்டுல 2003ல இருந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தான், ஆனா நிறைய வீட்டுல அந்த பைப் எங்க போய் முடியுதுன்னு வீட்டுக்காரருக்கே தெரியாது. அதைத் தேடிப் பிடிச்சு ஒரு சின்டெக்ஸ்ல திருப்புங்க, மிச்சம் மரத்தைச் சுத்தி இறங்கட்டும். அப்புறம் ஏசி தண்ணி, அதுல உப்பே கிடையாது, கடல் பக்கம் காத்துல ஈரம் ஜாஸ்திங்கறதால ஒரு ஏசி ராத்திரி ஓடினாலே பக்கெட்ல கணிசமா சேரும், கோடையில சின்னக் கன்னுக்கு அதுவே போதும். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணிய மட்டும் ஊத்தாதீங்க, அது உங்க போர் தண்ணியை விட உப்பு ஜாஸ்தி.

மணலையும் ஒரு தடவை சோதிச்சுக்கங்க

ரெண்டு அடி தோண்டி ஒரு கைப்பிடி மணல் எடுத்து அதுல வினிகரோ எலுமிச்சை சாறோ ஊத்துங்க. சுர்ருன்னு நுரைச்சா கிளிஞ்சல் சுண்ணாம்பு ஜாஸ்தி, அப்போ மண்ணுல காரம் ஜாஸ்தி, பிஹெச் 8 பக்கம் இருக்கும், இரும்பு, துத்தநாகம் எல்லாம் மண்ணுல இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. நுரைக்கலைன்னா வேலை சுலபம். புதுசா வீடு கட்டினவங்க காம்பவுண்டு சுவர் ஓரம் வைக்கிறதுக்கு முன்னாடி நல்லாத் தோண்டிப் பாருங்க, மேஸ்திரி வேலை முடிச்சுட்டு மிச்ச சிமெண்ட் கலவை, ஓடு, ஜல்லி எல்லாத்தையும் மணலுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருப்பாங்க, அதுக்கு மேல மரம் வச்சா கடைசி வரைக்கும் மஞ்சளாத்தான் இருக்கும். முறையா தெரியணும்னா வேளாண்துறை மண் பரிசோதனை நிலையத்துலயோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துலயோ மண்ணையும் தண்ணியையும் குடுத்து டெஸ்ட் பண்ணலாம்.

இன்னொண்ணு, மழைக்காலத்துல அந்த இடத்துல மூணு அடிக்குள்ள தண்ணி ஊறி நிக்குதான்னு பாருங்க, நின்னா ஒன்றரை அடிக்கு மேடு கட்டி அதுமேலதான் வைக்கணும்.

என்ன மரம் வைக்கலாம்

முதல் மரம்னா நாட்டு எலுமிச்சைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி குடுத்த பிகேஎம் 1 கிடைச்சா நல்லது, திருப்பதிப் பக்கத்து பாலாஜியும் நல்ல ரகம். நார்த்தை அதைவிட முரடு, அதிகமா கவனிக்க வேண்டாம், ஊறுகாய் போடுற வீடுன்னா ஒண்ணு வைங்க. சாத்துக்குடி தண்ணி நல்லா இருக்கிற வீட்டுக்கு மட்டும். கமலா ஆரஞ்சு வேண்டாம், அது ஏற்காடு, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊரு சரக்கு, ராத்திரியில குளிரு இல்லாத இடத்துல தோலு நிறமே மாறாது, ருசியும் வராது.

கன்னு எடுக்கும்போது கேளுங்க, அது விதைக் கன்னா, பதியனா, ஒட்டா. பதியன் சீக்கிரம், ரெண்டு மூணு வருஷத்துல காய்ச்சிடும், நர்சரிக்காரர் அதைத்தான் தள்ளுவார். ஆனா பதியனுக்கு ஆணிவேர் கிடையாது, மேலாக்க வேர்தான், கடல் காத்துல அதுவும் இறுக்கமே இல்லாத மணல்ல ஒரு புயல் வந்தா சாஞ்சிடும். நம்ம இடத்துக்கு விதைக் கன்னு நல்லது, நாலஞ்சு வருஷம் காத்திருக்கணும், முள்ளும் ஜாஸ்தி, ஆனா நிக்கும். நாட்டு எலுமிச்சை விதையில பெரும்பாலும் தாய் மரம் மாதிரியேதான் வரும், மாம்பழம் மாதிரி எது வருமோன்னு பயப்பட வேண்டாம். ஒட்டுன்னா அடிக்கன்னு, அதாவது கீழ வேரா நிக்கிற செடி, என்னன்னு கேளுங்க, ரங்பூர் லைம்னா உப்பு ஓரளவு தாங்கும், ஜம்பேரி மணலுக்கு நல்லா போகும். டிரைஃபோலியேட்னு சொன்னா வாங்காதீங்க, சுண்ணாம்பும் உப்பும் அதுக்கு ஆகவே ஆகாது.

பெரிய கன்னா பாத்து எடுக்கிறதும் வேண்டாத ஆசை. ஒன்றரை ரெண்டு அடி, தண்டு பென்சில் கனத்துக்கு மேல, பை அடியில வேர் சுருண்டு இல்லாம, இலையில சொறி மாதிரி பொருக்கு இல்லாம, அவ்வளவுதான் பாக்கணும்.

குழி எடுக்கிறது

நேரம் பத்தி என் கருத்து மார்கழிக் கடைசி, தை. வடகிழக்கு மழை அப்போதான் மண்ணுல இருந்த உப்பை எல்லாம் கீழ இறக்கி முடிச்சிருக்கும், புயல் சீசனும் போயிருக்கும், வெயிலுக்கு இன்னும் ரெண்டு மூணு மாசம் இருக்கும், அதுக்குள்ள வேர் பிடிச்சுக்கும்.

மூணு அடிக்கு மூணு அடி, ஆழமும் மூணு. காஞ்ச மணல்ல தோண்டினா தோண்டத் தோண்ட ஓரம் சரிஞ்சு உள்ளயே விழும், முந்தின நாள் சாயங்காலம் அந்த இடத்துல நல்லா தண்ணி விட்டு ஊற வச்சுட்டு காலையில எடுங்க, சுவர் மாதிரி நிக்கும். மேல் ஒரு அடி மணலைத் தனியா வைங்க, அதுலதான் கொஞ்சமாவது சத்து இருக்கும்.

இனி குழிக்கு அடியில தேங்கா உரிமட்டை. தென்னந்தோப்புக்காரங்க மணல் பூமியில காலங்காலமா பண்றதுதான் இது, மட்டையோட குழிவான பக்கம் மேல பாக்குற மாதிரி நெருக்கமா அடுக்கி, மேல கொஞ்சம் மணல் தூவி, இன்னொரு வரிசை அடுக்கணும். மட்டை தன்னோட எடையில மூணுல இருந்து அஞ்சு மடங்கு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், மக்கி முடிய அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரைக்கும் கோடையில வேருக்கு அடியில ஈரம் இருக்கும். காயல்ல, உப்பங்கழியில ஊறப்போட்ட மட்டை மட்டும் வேண்டாம், அதுல உப்பு இருக்கும். கோகோபீட் கட்டி வாங்கினாலும் இதே விஷயம்தான், ஊற வச்சு அந்தத் தண்ணியை மீட்டர்ல பாருங்க, எண்ணு இறங்குற வரைக்கும் ரெண்டு மூணு தடவை அலசுங்க.

மேல நிரப்புறதுக்கு: எடுத்த மணல் பாதி, ஏரி வண்டலோ செம்மண்ணோ கால் பங்கு, நல்லா மக்கின தொழு உரம் அல்லது மண்புழு உரம் கால் பங்கு, கூட ரெண்டு கிலோ வேப்பம்புண்ணாக்கு. மணலை எல்லாம் வெளிய கொட்டிட்டு முழுக்க செம்மண்ணு போட்டா நல்லதுதானேன்னு தோணும், பண்ணாதீங்க. சுத்தி மணல், நடுவுல மட்டும் இறுக்கமான மண்ணுன்னா வேர் அந்தக் குழிக்குள்ளயே சுத்திக்கிட்டு வெளிய போகாது, மழையில அந்த இடம் மட்டும் தொட்டி மாதிரி தண்ணி தேக்கும். கலந்து போட்டாதான் வேர் பழகிப் பழகி மணலுக்குள்ள போகும். வேப்பம்புண்ணாக்கை விட்டுடாதீங்க, மணல்ல நூற்புழுங்கற கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு ஜாஸ்தி, அது வேர்ல இருந்தா மரம் காரணமே தெரியாம சோர்ந்துட்டே போகும். சுத்தி செண்டுமல்லி நாலு வச்சா இன்னும் நல்லது.

நிரப்பி தண்ணி விட்டு ரெண்டு வாரம் விடுங்க, அரை அடி இறங்கும், அப்புறம் மேல போட்டு நிரவிட்டு நடுங்க. பையில இருந்த மண்மட்டம் தரை மட்டத்துக்கு ஒரு விரல் மேலயே இருக்கட்டும். ஒட்டுக் கன்னுன்னா ஒட்டு போட்ட இடம் மண்ணுல இருந்து அரை அடியாவது மேல இருக்கணும். ரெண்டு குச்சி ஊனி தளர்வா கட்டுங்க, காத்துல ஆடி ஆடி புது வேர் அறுந்துபோறதுதான் கடலோரத்துல பெரிய தொல்லை. மரத்துக்கு மரம் 15 அடி, செப்டிக் டேங்குல இருந்து நல்லா தள்ளி.

காத்து

கடலுக்கு நேரா திறந்த இடம்னா காத்துல வர்ற உப்பு இலையில படியும். வீட்டுக்குப் பின்பக்கம், கடல் வீட்டுக்கு முன்னாடின்னா, அதுதான் நல்ல இடம். அப்படி இல்லைன்னா கடல் பக்கம் பூவரசோ புன்னையோ ஒரு வரிசை, அது வளர்ற வரைக்கும் அகத்தி, அகத்தி வளர்ற வரைக்கும் பச்சை வலை. முதல் கோடையில மேக்கு வெயிலுக்கும் வலை கட்டுங்க.

தண்ணி விடுறது, மூடாக்கு

மணல்ல வாரத்துக்கு ஒரு தடவை குளம் மாதிரி நிரப்பினா பாதி வேரைத் தாண்டி கீழ போயிடும், சத்தையும் கூட்டிட்டுப் போகும். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி விடணும். புதுக் கன்னுக்கு தினமும் எட்டு பத்து லிட்டர், குடை (கிளையும் இலையும் பரந்திருக்கிற பகுதி) பத்து அடி விரிஞ்ச மரத்துக்கு அக்னி நட்சத்திர சமயத்துல 30, 40 லிட்டர் வேணும், மழைக்காலத்துல வேணவே வேணாம். மணிக்கு நாலு லிட்டர் விடுற சொட்டுநீர் டிரிப்பர் ரெண்டு போட்டு ஆரம்பிச்சு, மரம் வளர வளர நாலு, ஆறுன்னு கூட்டி தள்ளித் தள்ளி வைங்க, தண்டை ஒட்டி வேண்டாம்.

போர் தண்ணி லேசா உப்புன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, இலை மேல அடிக்காதீங்க, எலுமிச்சை இலை உப்பை நேரா உள்ள இழுத்துக்கும். ரெண்டாவது, மாசத்துல ரெண்டு தடவை வழக்கத்தை விட மூணு மடங்கு தண்ணி விட்டு சேர்ந்த உப்பைக் கீழ தள்ளிவிடுங்க. பாத்தி ஓரத்துல, டிரிப்பர் ஈரம் முடியுற இடத்துல வெள்ளையா பொடி பூத்தா உப்பு சேருதுன்னு அர்த்தம், இலை நுனியில இருந்து பழுப்பா கருகி வர்றதும் அதேதான். அந்த நேரத்துல உரம் வச்சா இன்னும் கெடும், முதல்ல அலசி விடுங்க.

மூடாக்கு இல்லாம மணல்ல கோடையைத் தாண்டுறது ரொம்பக் கஷ்டம். காஞ்ச இலை, தென்னை ஓலை, வைக்கோல் எது கிடைச்சாலும் அரை அடி கனத்துக்கு, தண்டுல இருந்து ஒரு சாண் தள்ளி. தண்டை ஒட்டி குவிச்சா அடித்தண்டு அழுகி பிசின் வடிய ஆரம்பிக்கும். ஆறு மாசத்துல அது மக்கிக் காணாம போயிடும், மறுபடி போடணும், அந்த மக்கினதுதான் வருஷம் போகப் போக மணலை மண்ணா மாத்தும்.

உரம்

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எலுமிச்சைக்கு முதல் வருஷம் மரத்துக்கு தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து 100, சாம்பல் சத்து 100, ஆறாவது வருஷத்துல அது 600, 200, 300ன்னு போகும், தொழு உரம் 10 கிலோவுல ஆரம்பிச்சு 30 வரைக்கும். தழைச்சத்தை மார்ச்லயும் அக்டோபர்லயும் பாதிப் பாதியா வைக்கச் சொல்லுவாங்க, அது வயக்காட்டுக்கு சரி, மணல்ல அக்டோபர்ல மொத்தமா வச்சா அடுத்த மழைக்கு எல்லாம் கடலுக்குத்தான். வீட்டு மரத்துக்கு மாசாமாசம் ஒரு சின்ன கைப்பிடி, முதல் வருஷம் 50 கிராம் அம்மோனியம் சல்பேட், குடை விளிம்புக்கு அடியில தூவி தண்ணி விட்டா போதும், அடைமழை மாசத்துல வேண்டாம். யூரியாவை விட அது நல்லது, சுண்ணாம்பு மணல்ல கொஞ்சம் புளிப்பைக் கூட்டும். பொட்டாஷ்னு கேட்டா கடையில சிவப்பா மியூரேட் ஆஃப் பொட்டாஷ் குடுப்பாங்க, அதுல குளோரைடு இருக்கு, ஏற்கெனவே உப்புல இருக்கிற மரத்துக்கு அது வேண்டாம், பொட்டாசியம் சல்பேட்னு கேட்டு வாங்குங்க.

ரசாயனமே வேண்டாங்கறவங்களுக்கு கடலைப்புண்ணாக்கு ஊற வச்ச தண்ணி இருக்கு, கடல் பக்கம்னா மீன் அமிலம் இன்னும் சுலபம், மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி வச்சு மூணு வாரம் கழிச்சு தேன் மாதிரி வடியும், லிட்டருக்கு 5 மில்லி. பச்சை மீன் கழிவு மட்டும்தான், உப்புப் போட்ட கருவாட்டுக் கழிவு கூடாது.

இலையைப் பாத்து என்ன குறைன்னு கண்டுபிடிக்கலாம். புதுத் துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைன்னா இரும்பு. துளிர் இலை சின்னதாகி, நரம்புக்கு நடுவுல திட்டுத் திட்டா வெளுத்து, இலை நெருக்கமா கொத்தா நின்னா துத்தநாகம். பழைய இலையில காம்புப் பக்கம் மட்டும் முக்கோணமா பச்சை மிஞ்சியிருந்தா மெக்னீசியம். பழைய இலை மொத்தமா மஞ்சளானா தழைச்சத்து. துத்தநாகத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், மார்ச், ஜூலை, அக்டோபர்னு துளிர் விடும்போது சாயங்காலம் இலையில தெளிக்கணும், கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு சேத்தா இலை கருகாது. இரும்பை நுரைக்கிற மணல்ல கொட்டுறது வேஸ்ட், கடையில கிடைக்கிற சாதா இடிடிஏ வகை இரும்பு உரம் அங்க நிக்காது, பாக்கெட்ல இடிடிஹெச்ஏ (EDDHA)ன்னு பேர் போட்டது வாங்குங்க, விலை ஜாஸ்திதான்.

பூச்சி, நோய்

துளிர்ல பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், நிஜமாவே எச்சம்னு விட்டுடுவீங்க, தொட்டா தலைக்குப் பின்னாடி இருந்து ரெண்டு கொம்பு நீட்டி ஒரு மாதிரி நாத்தம் விடும், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிப் புழு அது. பெருசானா பச்சையா மாறி ரெண்டே நாள்ல சின்னக் கன்னை மொட்டை அடிச்சிடும். காலையில கையால எடுத்துப் போடுறதுதான் மருந்து. இதே புழு பக்கத்துல கறிவேப்பிலை, வில்வம் இருந்தா அதுலயும் இருக்கும், மூணும் ஒரே குடும்பம், அங்கேயும் தேடுங்க. பெரிய மரத்துல நாலு இருந்தா விட்டுடலாம், வண்ணத்துப்பூச்சியாவது மிஞ்சட்டும்.

இலையில வெள்ளிக் கோடு கோடா ஓடினா இலைத் துளைப்பான், வேப்ப எண்ணெய் துளிர் விடும்போதே தெளிக்கணும், அப்புறம் தெளிச்சு பிரயோஜனம் இல்ல. காய்லயும் இலையிலயும் சொரசொரப்பா பழுப்புப் பொருக்கு வந்தா சொறி நோய், மழைச் சாரல்ல பரவும், அந்தக் கிளையை வெட்டி எரிச்சுட்டு, மழை தொடங்குறதுக்கு முன்னாடியும் நடுவுலயும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம். எறும்பு வரிசையா ஏறினா மேல செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கு.

ஒட்டு மரத்துல ஒட்டுக்குக் கீழ இருந்து வேகமா ஒரு கிளை கிளம்பினா சந்தோஷப்படாதீங்க, அது அடிக்கன்னோட கிளை, உடனே கிள்ளுங்க, விட்டா ரெண்டு வருஷத்துல அதுதான் மரமா இருக்கும்.

காய்க்க ஆரம்பிச்சா

முதல்ல வர்ற பூ கொட்டும், கவலை வேண்டாம். பூவுல இருந்து காய் பறிக்க அஞ்சாறு மாசம். வயல்காரங்க பூ எடுக்க தண்ணியை நிறுத்தி மரத்தை வாட விடுவாங்க, மணல்ல அதை செய்யாதீங்க, வாட்டம் கட்டுக்குள்ள நிக்காது, இலையே கொட்டிடும். காய் பிடிச்சதுக்கு அப்புறம் காயவிட்டு திடீர்னு தண்ணி விட்டாலும், காஞ்ச நிலத்துல பெருமழை வந்தாலும் காய் வெடிக்கும், ஒரே சீரா ஈரம் இருந்தா பாதி வெடிப்பு குறையும்.

புயல் அறிவிப்பு வந்தா, வர்தா, கஜா எல்லாம் பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, குடையில மூணுல ஒரு பங்கு கிளையைக் கழிச்சுடுங்க, காத்து ஊடுருவிப் போகும். ஓஞ்சதும் முதல் வேலை நல்ல தண்ணியில இலையைக் கழுவி விடுறது, உப்புச் சாரல் காயுறதுக்குள்ள. சாஞ்ச மரத்தை அன்னிக்கோ மறுநாளோ நிமித்துங்க, வெளிய தெரியுற வேர் மேல ஈரச் சாக்கு போட்டு வச்சுக்கிட்டு, பிஞ்ச வேரை சுத்தமா வெட்டி, மண்ணு அணைச்சு, மூணு பக்கமும் முட்டுக் குடுத்து, அந்த வருஷக் காயை எல்லாம் உதிர்த்து விட்டுடுங்க. கடல் தண்ணி உள்ள வந்து போன இடம்னா மேல படிஞ்ச உப்பு மண்ணை ஒரு அங்குலம் வழிச்சு எடுத்துட்டு, மீட்டர் எண்ணு இறங்குற வரைக்கும் நல்ல தண்ணியா விட்டு அலசுங்க, துளிர் விடுற வரைக்கும் உரம் பக்கமே போக வேண்டாம்.